65 தாண்டிய கணவன்-மனைவிக்கு அமெரிக்க வருமான வரியில் எவ்வளவு கழிவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கும் ஒரே கவலைதான்: டேக்ஸ். பிள்ளைகளோடு கிரீன் கார்டில் வந்து தங்கியவர்கள், முப்பது நாற்பது வருடம் இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் என்று இரண்டு தரப்பும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். 2025இல் சட்டம் மாறியதிலிருந்து குழப்பம் இன்னும் கூடிவிட்டது. அதனால் என்னிடம் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். வேறு வருடம் என்று சொல்லாத இடங்களில் எல்லாம் 2025ஆம் ஆண்டு வருமானத்துக்கான கணக்கு; அதாவது 2026 ஏப்ரல் 15க்குள் போட வேண்டிய ரிட்டர்ன்.

ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்னா என்ன? அதுக்கு பில், ரசீது எல்லாம் காட்டணுமா?

எதுவும் காட்ட வேண்டாம். உங்கள் வருமானத்தில் இவ்வளவு தொகைக்கு வரி கேட்க மாட்டோம் என்று அரசாங்கமே ஒதுக்கித் தரும் தொகை அது. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் வரி. கணவன் மனைவி சேர்ந்து ஜாயின்ட் ரிட்டர்ன் போட்டால் இருவருக்குமாக 31,500 டாலர். டிசம்பர் 31 அன்று நீங்கள் சட்டப்படி தம்பதியாக இருந்தால் அந்த வருடம் முழுக்கத் தம்பதிதான்.

எங்க ரெண்டு பேருக்குமே 65 தாண்டிடுச்சு. மொத்தமா எவ்வளவு கழியும்?

இதில் மூன்று அடுக்கு இருக்கிறது. முதல் அடுக்கு மேலே சொன்ன 31,500. இரண்டாவது, 65 நிறைந்தவர்களுக்கு வயதுக்கான கூடுதல். தம்பதியாக இருந்தால் ஆளுக்கு 1,600, இருவருக்கும் 3,200. மூன்றாவது, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில் புதிதாக வந்த சீனியர் கழிவு; ஆளுக்கு 6,000, இருவருக்கும் 12,000. ஆக 31,500 + 3,200 + 12,000 = 46,700 டாலர்.

கூட்டிச் சொல்ல வசதியாக இருக்கிறது என்பதற்காக இதை ஒரே கழிவு என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றுக்கும் விதி வேறு வேறு. முதல் இரண்டும் முன்பிருந்தே இருப்பவை, வருமானம் எவ்வளவு இருந்தாலும் கிடைக்கும். மூன்றாவதற்கு வருமான வரம்பு உண்டு, சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும், தனியாக ஷெட்யூல் 1-ஏ என்ற தாளும் நிரப்ப வேண்டும். என்னிடம் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை ஓர் அடுக்கின் விதியை இன்னோர் அடுக்குக்குப் போடுவதால் வருபவை.

எனக்கு 66, வீட்டம்மாவுக்கு 61தான். அவங்களுக்கு 65 ஆகிற வரைக்கும் காத்திருக்கணுமா?

வேண்டாம். வயது ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பார்க்கப்படும். உங்கள் பங்கு இப்போதே கிடைக்கும்: 31,500 + 1,600 + 6,000 = 39,100. ஒருவருக்கு 65 ஆகியிருந்தாலும் எழுத்து பெரிதாக அச்சிட்ட 1040-எஸ்.ஆர். படிவத்தை நீங்கள் பயன்படுத்தலாம். சாதாரண 1040இல் போட்டாலும் வரி அதேதான். கண்ணுக்குச் சுகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா பிறந்தது 1961 ஜனவரி 1. 2025 கணக்குல அவருக்கு 65 ஆயிடுச்சா, இல்லையா?

ஆகிவிட்டது. வரிச் சட்டப்படி ஒருவர் தன் பிறந்த நாளுக்கு முந்தின நாளே அந்த வயதை எட்டுகிறார். படிவத்திலும் “1961 ஜனவரி 2க்கு முன் பிறந்தவரா?” என்றுதான் கேட்டிருக்கும். ஜனவரி 2 அன்று பிறந்திருந்தால் இன்னொரு வருடம் பொறுக்க வேண்டும்.

இதை ஒட்டி இன்னொன்று. நம் பெரியவர்களில் பலருக்கு நிஜப் பிறந்த நாள் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய ஜூன் மாதத் தேதி ஒன்று. வீட்டில் ஜாதகப்படி எப்போது 65 ஆனாலும் சரி, பாஸ்போர்ட்டில் இருந்து சோஷியல் செக்யூரிட்டி பதிவுக்குப் போன தேதிதான் இங்கே செல்லும். ரிட்டர்னிலும் அதையே எழுதுங்கள்.

எங்களுக்கு வருமானமே கிடையாது. அந்த 46,700 கைக்கு வருமா?

வராது. இது கழிவு, உதவித்தொகை அல்ல. இருக்கிற வருமானத்தில் இருந்துதான் கழிக்க முடியும். மிச்சத்தைப் பணமாகத் தரமாட்டார்கள், அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. 6,000 என்றால் வரியில் 6,000 குறையும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 10 சதவீத வரி கட்டுபவருக்கு அதனால் 600 டாலர் மிச்சம், 12 சதவீதம் கட்டுபவருக்கு 720.

46,700க்குள்ள வருமானம் இருந்தா ரிட்டர்னே போட வேண்டாமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ரிட்டர்ன் போட வேண்டிய வரம்பு முதல் இரண்டு அடுக்குகளை வைத்து மட்டும்தான். இருவருக்கும் 65 ஆன தம்பதிக்கு 34,700. ஒருவருக்கு மட்டும் என்றால் 33,100. மூன்றாம் அடுக்கு இந்த வரம்பை உயர்த்தாது. 36,000 டாலர் பென்ஷன் வாங்கும் தம்பதிக்கு வரி பூஜ்யம், ஆனால் ரிட்டர்ன் போட்டு அந்தப் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும்.

சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசு தரும் ஓய்வூதியம்) மட்டுமே வருமானம் என்றால் பொதுவாகப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. பென்ஷனிலோ ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலோ வரி பிடித்திருந்தால் வரம்புக்குக் கீழே இருந்தாலும் போடுங்கள். போடாமல் அந்தப் பணம் திரும்பி வராது.

சோஷியல் செக்யூரிட்டிக்கு இனிமே டேக்ஸே கிடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

அப்படி ஒரு பேச்சு பலமாக அடிபட்டது; சட்டத்தில் அது இல்லை. வந்தது அந்த 6,000 மட்டும்தான். பழைய சூத்திரம் அப்படியே இருக்கிறது: சோஷியல் செக்யூரிட்டியில் பாதி, மற்ற வருமானம் முழுக்க, வரியில்லாத பாண்டு வட்டி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஜாயின்ட் ரிட்டர்னில் அது 32,000ஐத் தாண்டினால் சோஷியல் செக்யூரிட்டியில் ஒரு பகுதி வரிக்குள் வரும். 44,000ஐத் தாண்டினால் 85 சதவீதம் வரை வரலாம். இந்த இரண்டு எல்லைகளும் 1983, 1993 சட்டங்களில் வைத்தவை. விலைவாசி எங்கோ போய்விட்டது, இவை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இருவருக்கும் 68 வயது. சோஷியல் செக்யூரிட்டி 30,000, ஐ.ஆர்.ஏ.வில் எடுத்தது 40,000. சூத்திரப்படி 15,000 + 40,000 = 55,000; இது 44,000ஐ விட 11,000 அதிகம். அந்த 11,000இல் 85 சதவீதம் 9,350. அதற்குக் கீழே, 32,000 முதல் 44,000 வரை உள்ள 12,000இல் பாதி 6,000. ஆக 15,350 டாலர் சோஷியல் செக்யூரிட்டி வரிக்குள் வருகிறது. ஐ.ஆர்.ஏ.வைச் சேர்த்தால் மொத்தம் 55,350. 46,700 கழித்தால் மிஞ்சுவது 8,650. 10 சதவீதத்தில் வரி சுமார் 865 டாலர். அந்த 12,000 இல்லாவிட்டால் இவர்கள் சுமார் 2,065 கட்டியிருப்பார்கள். 1,200 டாலர் மிச்சம், நல்லதுதான். ஆனால் சோஷியல் செக்யூரிட்டியில் வரிக்குள் வந்த 15,350இல் ஒரு டாலர்கூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். கழிவு அதற்குப் பிறகுதான் வருகிறது.

வருமானம் ஒன்றரை லட்சம் டாலர் தாண்டினா அந்த 12,000 போயிடுமா?

ஒரேயடியாகப் போகாது, கரையும். ஜாயின்ட் ரிட்டர்னில் 1,50,000க்கு மேலே போகும் தொகையில் 6 சதவீதத்தை ஒவ்வொருவரின் 6,000இல் இருந்தும் குறைப்பார்கள். ஒவ்வொருவரின் என்பதுதான் முக்கியம். வருமானம் 1,80,000 என்றால் மேலே உள்ளது 30,000. அதில் 6 சதவீதம் 1,800. ஆளுக்கு 4,200, இருவருக்கும் 8,400 கிடைக்கும். இருவருக்கும் சேர்த்து ஒரே தடவை 1,800 குறைத்து 10,200 என்று எழுதினால் தப்பு. 2,50,000இல் முழுக்கக் காணாமல் போகும்.

வழக்கமான பென்ஷன் வருமானத்தில் இந்த எல்லையைத் தொடுபவர்கள் குறைவு. ஆனால் சென்னையில் வாங்கிப் போட்ட மனையையோ ஃப்ளாட்டையோ விற்கும் வருடம் வேறு கதை. அந்த லாபம் இங்கே வருமானத்தில் சேரும். 73 வயதுக்குப் பிறகு ஐ.ஆர்.ஏ.வில் இருந்து கட்டாயம் எடுக்க வேண்டிய தொகையும் அதன்மேல் ஏறும். விற்பது எப்படியும் விற்பதுதான் என்றால், பெரிய ஐ.ஆர்.ஏ. பணத்தையும் அதே வருடத்தில் எடுக்காமல் இருக்கப் பாருங்கள்.

இந்தக் கழிவால மெடிகேர் பிரீமியம் குறையுமா?

குறையாது. மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பார்ட் பி கூடுதல் கட்டணம், மார்க்கெட்பிளேஸ் காப்பீட்டுச் சலுகை இரண்டும் கழிவுக்கு முந்தைய வருமானத்தைப் பார்ப்பவை. மூன்று அடுக்குகளுமே படிவத்தில் அந்த வருமானத்தை எழுதும் கோட்டுக்குக் கீழேதான் வருகின்றன.

வீட்டு வரி நிறையக் கட்டறோம், கோயிலுக்கும் கொடுக்கிறோம். ஐட்டமைஸ் பண்ணினா லாபமா?

ஐட்டமைஸ் என்றால் அரசாங்கம் ஒதுக்கும் தொகைக்குப் பதிலாக உங்கள் செலவுகளை ஒவ்வொன்றாக எழுதிக் கழிப்பது. லாபமா என்பது கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். கடன் அடைத்துவிட்ட நியூ ஜெர்சி வீடு என்று வைத்துக்கொள்வோம்: வீட்டு வரி 13,000, மாநில வருமான வரி 4,000, இங்கே பதிவான கோயிலுக்கு 5,000. மொத்தம் 22,000. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனே 34,700 இருக்கும்போது இதை எழுதி என்ன பயன்? கடன் வட்டி நின்றுவிட்ட பெரியவர்களில் பெரும்பாலோருக்கு விடை இதுதான். திருப்பதி உண்டியலில் போட்டதும் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அனுப்பியதும் புண்ணியக் கணக்கில் சேரும், ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) கணக்கில் சேராது.

விதிவிலக்கு மருத்துவச் செலவு. வருமானத்தில் 7.5 சதவீதத்துக்கு மேலே போகும் மருத்துவச் செலவை எழுதலாம். வீட்டில் ஒருவர் நர்சிங் ஹோமில் இருந்தால் அது ஒன்றே 34,700ஐ விழுங்கிவிடும். அப்போது ஐட்டமைஸ் செய்யுங்கள். முதல் இரண்டு அடுக்குகளும் போய்விடும்; மூன்றாவது போகாது. ஐட்டமைஸ் செய்தாலும் செய்யாவிட்டாலும் 6,000 உண்டு.

கொடுப்பதில் உறுதியாக இருப்பவர்களுக்கு இன்னொரு வழி. 70½ வயது தாண்டியவர்கள் ஐ.ஆர்.ஏ.வில் இருந்து நேரடியாக இங்குள்ள அறக்கட்டளைக்கு அனுப்பினால் அந்தப் பணம் வருமானத்திலேயே சேராது. அது கோட்டுக்கு மேலேயே நின்றுவிடுவதால் மேலே சொன்ன சோஷியல் செக்யூரிட்டி சூத்திரத்துக்கும் மெடிகேர் கட்டணத்துக்கும்கூட நல்லது. எனக்குக் கழிவை விட இதுதான் பிடிக்கும்.

இந்தியாவில ஆளுக்கு ஆள் தனித்தனியாதானே போடுவோம்? இங்கேயும் அப்படிப் போட்டா என்ன?

போடலாம், ஆனால் வயதானவர்களுக்கு அது பெரும்பாலும் நஷ்டம். தம்பதிகள் தனித்தனியாகப் போட்டால் 6,000 சீனியர் கழிவு இருவருக்குமே கிடையாது. ஒருவர் ஐட்டமைஸ் செய்தால் மற்றவரின் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் பூஜ்யமாகிவிடும். வருடத்தில் ஒரு நாளாவது ஒரே வீட்டில் இருந்திருந்தால் சோஷியல் செக்யூரிட்டிக்கான 32,000 வரம்பும் பூஜ்யம்.

இந்தியாவில வர்ற பென்ஷன், எஃப்.டி. வட்டி எல்லாம் அங்கேயே வரி கட்டியாச்சே. இங்கே எதுக்குச் சொல்லணும்?

கிரீன் கார்டு வாங்கிய பிறகு உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே வரியில்லாத என்.ஆர்.இ. வட்டியும் பி.பி.எஃப். வட்டியும் இங்கே வருமானம்தான். அங்கே கட்டிய வருமான வரிக்கு இங்கே வெளிநாட்டு வரிக் கிரெடிட் (வரியிலேயே நேராகக் குறைவது) கேட்கலாம். இந்தியாவில் சீனியர்களுக்குத் தரும் சலுகைகளை இங்கே கழிக்க முடியாது.

பயப்பட ஒன்றும் இல்லை. இருவருக்கும் சேர்த்து 46,700 டாலர் கழியும்போது, சாதாரண பென்ஷனும் வட்டியும் அதற்குள் அடங்கிவிடும். நடைமுறைத் தலைவலி வேறு: இங்கே கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை, வங்கி தரும் வட்டிச் சான்றிதழோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஜனவரி-மார்ச் வட்டியைப் பாஸ்புக்கைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். இன்னொன்று, எல்லா வெளிநாட்டுக் கணக்கும் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்.பி.ஏ.ஆர். என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். வரி பூஜ்யம் என்பதால் அது தள்ளுபடி ஆகாது.

பையன் எங்களை டிபெண்டன்ட்டா காட்டறான். எங்க வயசுக்கான கூடுதலை அவன் எடுத்துக்கலாமா?

முடியாது. 1,600ஆக இருந்தாலும் 6,000ஆக இருந்தாலும் ரிட்டர்ன் போடுபவர், அவரது துணை இருவரின் வயதுக்கு மட்டும்தான். நிபந்தனைகள் பொருந்தினால் மகனுக்கு உங்கள் இருவருக்கும் தலைக்கு 500 டாலர் கிரெடிட் கிடைக்கலாம். அதற்கு உங்கள் செலவில் பாதிக்கு மேல் அவர் பார்க்க வேண்டும். உங்கள் ஒவ்வொருவரின் வருமானமும் 5,200 டாலருக்குள் இருக்க வேண்டும். பிடித்த வரியைத் திரும்ப வாங்குவதற்காக மட்டும் அல்லாமல் நீங்கள் ஜாயின்ட் ரிட்டர்ன் போட்டால், மகன் உங்களைக் காட்ட முடியாது. குடும்பத்தில் உட்கார்ந்து எது லாபம் என்று பேசிவிட்டுப் போடுங்கள்.

அம்மா கிரீன் கார்டுல இங்கே இருக்காங்க, அப்பா ஊரிலேயே இருக்கார். ஜாயின்ட் போட முடியுமா?

முடியும். அப்பாவையும் இந்த வரிக்கு அமெரிக்கவாசியாகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்டு ரிட்டர்னோடு ஒரு கடிதம் இணைக்க வேண்டும். அப்பாவின் இந்திய வருமானம் முழுக்க உள்ளே வரும். அவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்காது; ஐ.டி.ஐ.என். என்ற வரி அடையாள எண் எடுக்க வேண்டும். ஐ.டி.ஐ.என். உள்ளவருக்கு 6,000 கிடையாது. ஆகவே இருவரும் 65 தாண்டியவர்கள் என்றால் 31,500 + 3,200 + அம்மாவின் 6,000 = 40,700.

அப்பாவுக்கு ஊரில் வாடகை, கடை என்று நல்ல வருமானம் இருந்தால் யோசியுங்கள். அம்மா தனியாகப் போட்டால் அவருக்கு 15,750 + 1,600 = 17,350 கழியும். அம்மாவின் வருமானம் அதற்குள்தான் என்றால் அப்பாவை உள்ளே இழுக்கவே வேண்டாம்.

நாங்க 2025 செப்டம்பர்லதான் கிரீன் கார்டுல வந்தோம். எங்களுக்கும் முழுக் கழிவு உண்டா?

சும்மா இருந்தால் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனே கிடையாது. வருடத்தில் பாதி வெளிநாட்டவர், பாதி இங்குள்ளவர் என்ற இரட்டை நிலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவும் இல்லை, ஜாயின்ட் ரிட்டர்னும் இல்லை. அதைத் தவிர்க்க, வருடம் முழுக்க இங்கே இருந்ததாகவே கருதும்படி தம்பதியாகக் கேட்கலாம்; முந்தின கேள்வியில் சொன்னது போல ஒரு கடிதம்தான். வாழ்நாளில் ஒரு தடவைதான் இப்படிக் கேட்க முடியும். விலை என்னவென்றால், ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை ஊரில் வந்த வருமானத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு அது கழிவுக்குள் அடங்கிவிடும். வருவதற்கு முன் ஊரில் சொத்து விற்றிருந்தால் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர் போன வருஷம் மார்ச்ல தவறிட்டார். எனக்குப் பாதிக் கழிவுதானா?

இல்லை அம்மா, 2025க்கு முழுசாக உண்டு. துணை இறந்த வருடத்துக்கு ஜாயின்ட் ரிட்டர்ன் போடலாம். மாதக் கணக்குப் பார்த்துக் குறைக்க மாட்டார்கள். அவர் 65 நிறைந்த பிறகு தவறியிருந்தால் அவருடைய பங்கும் சேரும். 65 ஆவதற்கு முன்பே என்றால், பிறந்த தேதி என்னவாக இருந்தாலும் அவருடைய வயதுக் கழிவுகள் மட்டும் வராது.

கஷ்டம் அடுத்த வருடம்தான். 2026இல் நீங்கள் தனிநபர்: 16,100 + 2,050 + 6,000 = 24,150. தம்பதியாக இருந்திருந்தால் 47,500. சோஷியல் செக்யூரிட்டி எல்லையும் 32,000இல் இருந்து 25,000க்கு இறங்கும். வருமானம் கொஞ்சம்தான் குறையும், வரி ஏறிவிடும். மகனோ மகளோ பக்கத்தில் இருந்தால் பென்ஷனில் பிடிக்கும் வரியை இப்போதே மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

மாமாவுக்கு ஒரு கண்ணுல பார்வையே இல்லை. அதுக்கு ஏதாவது?

பார்வையின்மைக்கும் ஆளுக்கு 1,600 கூடுதல் உண்டு, வயதுக்கான கூடுதலோடு சேர்த்து. ஆனால் நல்ல கண்ணில் கண்ணாடி போட்டும் 20/200க்கு மேல் தெரியக்கூடாது, அல்லது பார்வைப் பரப்பு 20 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு கண் மட்டும் என்றால் கிடைக்காது. தகுதி இருந்தால் கண் டாக்டரின் கடிதத்தை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநில வரியிலயும் இதே கழிவா?

ஒவ்வொரு மாநிலமும் ஒரு மாதிரி. டெக்சஸ், ஃப்ளோரிடாவில் வருமான வரியே இல்லை. நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் என்ற ஒன்றே கிடையாது. 65 ஆனவர்களுக்கு ஆளுக்கு 1,000 டாலர் கூடுதல் விலக்கு மட்டும் உண்டு. சோஷியல் செக்யூரிட்டிக்கு நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் வரி கேட்பதில்லை.

2024 ரிட்டர்ன்ல வயசுக் கட்டத்தை டிக் பண்ண மறந்துட்டோம். போனது போனதுதானா?

இல்லை. 1040-எக்ஸ் போட்டுத் திருத்தலாம். பொதுவாக மூன்று வருடம் அவகாசம் உண்டு. 2024இல் தம்பதிக்கு 29,200, வயதுக்கான கூடுதல் ஆளுக்கு 1,550. பழைய வருடங்களுக்கு 6,000 சீனியர் கழிவு கேட்க முடியாது. அது 2025 முதல்தான். மென்பொருளில் போடுபவர்கள் பிறந்த தேதியைச் சரியாகக் கொடுத்தால் இந்தக் கட்டம் தானாக விழும். கையால் நிரப்புபவர்களுக்குத்தான் இந்த மறதி.

2026க்கு எவ்வளவு? இது எத்தனை வருஷத்துக்கு?

2026க்குத் தம்பதிக்கு 32,200, வயதுக்கு ஆளுக்கு 1,650, சீனியர் கழிவு அதே 6,000. இருவருக்கும் மொத்தம் 47,500. முதல் இரண்டும் விலைவாசியோடு வருடா வருடம் ஏறும். 6,000மும் 1,50,000 வரம்பும் ஏறாது. சட்டம் மாறாவிட்டால் 2028ஆம் ஆண்டு வருமானத்தோடு அந்த 6,000 முடிந்துவிடும். 2026 முதல் ஐட்டமைஸ் செய்யாதவர்களும் தம்பதியாக 2,000 டாலர் வரை ரொக்க நன்கொடையைக் கழிக்கலாம்.

சி.பி.ஏ. கணக்காளருக்கு முந்நூறு, நாநூறு டாலர் கொடுக்க மனசில்லை. இலவசமா யாராவது போட்டுத் தருவாங்களா?

போட்டுத் தருவார்கள். 60 வயது தாண்டியவர்களுக்காகவே ஐ.ஆர்.எஸ். நடத்தும் டி.சி.இ. திட்டம் இருக்கிறது; ஏ.ஏ.ஆர்.பி. என்ற முதியோர் அமைப்பின் டேக்ஸ்-எய்டு தொண்டர்களும் நூலகங்களிலும் முதியோர் மையங்களிலும் உட்காருவார்கள். பிப்ரவரி தொடக்கத்திலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். இருவரின் அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி அட்டைகள், சோஷியல் செக்யூரிட்டிக்கு வந்த எஸ்.எஸ்.ஏ.-1099 தாள், பென்ஷனுக்கும் ஐ.ஆர்.ஏ.வுக்கும் வந்த 1099-ஆர், வங்கி வட்டித் தாள், போன வருட ரிட்டர்ன் எல்லாம் கையில் இருக்கட்டும். ஜாயின்ட் ரிட்டர்ன் என்பதால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், சேர்ந்தே போங்கள். இந்திய வருமானமும் வரிக் கிரெடிட்டும் பெரிதாக இருந்தால் அதை அங்கே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.